இரண்டு டூயிகளும் ஒரு பூட்டிய பீரோவும்

கவிதைக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். சினிமாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஒரு கல்லூரி நூலகத்தை எடுத்துவைத்துக்கொண்டு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. அது ஏதோ காற்று மாதிரி, தண்ணி மாதிரி எல்லாருக்கும் பொதுவானது என்ற நினைப்பு. தண்ணியே பொதுவாக இல்லாத நாட்டில் நூலகம் மட்டும் எப்படிப் பொதுவாகும் என்று நம்மாட்களாவது கேட்டிருக்க வேண்டும். நூலகமும் ஒரு பிரதிதான். எந்தப் புத்தகம் உள்ளே வரும், எது வராது, வந்தது எதன் பக்கத்தில் உட்காரும், எதற்குப் பூட்டு, எது கண்ணாடிக்குள் என்பதையெல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்த எழுத்தை வாசிப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணிலிருந்து தொடங்குவோம். நம் கல்லூரி நூலகங்களில் பெரும்பாலும் புழங்குவது மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876இல் வெளியிட்ட தசம வகைப்பாடு. உலகத்தின் அறிவு மொத்தத்தையும் 000 முதல் 999 வரை அடக்கிவிட்ட மனுசன். 200 மதம். அதில் 220 தொடங்கி 280கள் முடியக் கிறித்தவத்துக்கு. மிச்சமிருக்கும் உலக மதங்கள் அத்தனையும் 290 என்ற ஒற்றைத் திண்ணையில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். பௌத்தம் 294.3, இந்து மதம் 294.5. தமிழ் இலக்கியம் 894.811. அதாவது ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று வட்டமாக ஓர் எண். தொல்காப்பியத்திலிருந்து இன்றைக்கு வரைக்குமான நம் எழுத்துக்குப் புள்ளிக்கு அப்புறம் மூணு இலக்கம். இந்த வருத்தம் தமிழ்ப் பேராசிரியர்கள் அத்தனை பேருக்கும் உண்டு, மேடையில் சொல்லவும் சொல்வார்கள். அதே பேராசிரியர்கள் 305.568 என்ற எண்ணைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. சமூகத்திலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டவர்களுக்கான எண் அது. தீண்டப்படாதவர் என்று முத்திரை குத்தப்பட்ட நம் சனங்களைப் பற்றிய புத்தகங்கள் அதற்குள்தான் போகின்றன. ஊருக்கு வெளியே ஒரு சேரி இருப்பதுபோல அட்டவணைக்குள்ளும் ஒன்று. வித்தியாசம், இங்கே எண் போட்டுக் கதவிலக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த மெல்வில் டூயி யார் என்று பார்ப்பது தனிமனிதத் தாக்குதல் ஆகாது. லேக் பிளாசிட் என்ற இடத்தில் 1895இல் அவர் ஒரு மனமகிழ் மன்றம் தொடங்கினார். யூதருக்கும் கறுப்பருக்கும் அங்கே அனுமதி இல்லை. நியூயார்க் மாநில நூலகராக அரசுப் பதவியில் இருந்துகொண்டே இதை நடத்தினார். யூதத் தலைவர்கள் எழுத்துமூலம் புகார் கொடுத்து, 1905இல் அவருக்குக் கண்டனம் வந்து, பதவியை விட்டுப் போனார். பெண்களிடம் அவர் நடந்துகொண்ட முறை பற்றியும் புகார்கள் இருந்தன. அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கம் ஒன்றிலிருந்து அவர் பெயரை எடுத்தது 2019இல். நூறு வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. புத்தகங்களை வரிசையாக அடுக்கத் தெரிந்தவருக்கு மனுசனைப் பக்கத்தில் உட்காரவைக்கத் தெரியவில்லை என்பது நமக்கு ஆச்சரியமான செய்தி ஒன்றும் இல்லை.

டூயி என்ற பெயரில் இன்னொருவரும் இருக்கிறார். ஜான் டூயி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை படித்த பாபாசாகேப் அம்பேத்கருக்கு ஆசிரியர். இரண்டு பேருக்கும் உறவு இல்லை, பெயர் ஒற்றுமைதான். ஆனால் நமக்கு இந்த இரண்டு டூயிகளும் இரண்டு விதமான நூலகம். ஒருவர் எண் கொடுத்து நிறுத்துகிறவர். மற்றவர், ஒருவரோடு ஒருவர் கலந்து பழகும் வாழ்க்கைதான் ஜனநாயகம் என்று சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பாடம் 1936இல் சாதி ஒழிப்பு நூலில் எப்படி வேலை செய்திருக்கிறது என்பது அதை வாசித்தவர்களுக்குத் தெரியும். ஜான் டூயி 1916இல் எழுதிய ஜனநாயகமும் கல்வியும் என்ற புத்தகத்தை அம்பேத்கர் பென்சிலும் கையுமாக, வரிவரியாகக் கோடுபோட்டு வாசித்திருக்கிறார். அந்தப் பிரதி எங்கே இருக்கிறது? ஒரு கல்லூரி நூலகத்தில். பம்பாயில் மக்கள் கல்விக் கழகம் சார்பில் 1946இல் அவரே தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியில். அந்தக் கோடுகளை வைத்துக்கொண்டு இன்றைக்கு அறிஞர்கள் தனிப் புத்தகமே எழுதுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் படிக்க விடாமல் பாரசீகத்துக்குத் தள்ளப்பட்ட பையன் அவர். 1917இல் ஊர் திரும்பும்போது வேறொரு கப்பலில் அனுப்பிய பெட்டிகளோடு புத்தகங்களும் போர்க் காலத்துக் குண்டுக்கு இரையாகிக் கடலுக்குள் போயின. அதற்குப் பிறகும் சேர்த்தார். 1930களில் தாதரில் ராஜகிருகம் கட்டினபோது புத்தகத்துக்காகவே இடம் திட்டமிட்டுக் கட்டினார். தான் சேர்த்ததைக் கல்லூரிக்கு, அதுவும் தன் சனம் படிக்க வரும் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நம் நாட்டுக் கல்லூரி நூலக வரலாற்றை எழுதுகிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அவர்கள் எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

எண்ணை மாற்ற முடியாதா? முடியும். மாற்றிக் காட்டியவர் ஒரு கறுப்பினப் பெண். வாஷிங்டனில் கறுப்பர்களுக்கான ஹோவர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 1930இல் பொறுப்புக்கு வந்த டோரதி போர்ட்டர். அந்தக் காலத்து அமெரிக்க நூலகங்களில் கறுப்பர் எழுதிய புத்தகம் எதுவாக இருந்தாலும், கவிதையோ நாடகமோ எதுவானாலும், டூயி அட்டவணைப்படி 326இல் போடுவார்கள். 326 என்றால் அடிமைமுறை. இல்லையென்றால் 325, குடியேற்றம். கறுப்பன் எழுதினால் அது கவிதை ஆகாது, அடிமைச் சரக்கு! போர்ட்டர் அதைத் தூக்கி எறிந்தார். கவிதையைக் கவிதையாகவும் வரலாற்றை வரலாறாகவும், எழுதியவர் பெயரோடு வகைப்படுத்தினார். வாங்கப் பணமில்லை. பதிப்பகங்களுக்குக் கடிதம் எழுதி இரந்து வாங்கினார், வீடுகளில் பழுப்பேறிக் கிடந்ததைக் கேட்டு வாங்கினார். 1973இல் ஓய்வுபெறும்போது அது உலகத்தின் பெரிய கறுப்பினச் சேகரிப்புகளில் ஒன்றாகியிருந்தது. கறுப்பு இலக்கியம் பற்றி இங்கே நாம் நிறையப் பேசியிருக்கிறோம், மொழிபெயர்த்திருக்கிறோம். கறுப்பு நூலகம் என்ற ஒன்றைப் பற்றிப் பேசியது குறைவு.

இப்போது நம் அலமாரிக்கு வருவோம். பாமாவின் கருக்கு 1992இல் மதுரையிலிருந்து வந்தது. அதை எங்கே வைப்பது? நான் போய்ப் பார்த்த கல்லூரிகளில் ஓர் இடத்தில் நாவல் வரிசையில் இருந்தது. இன்னோர் இடத்தில் சமூகவியல். ஒரு பெண்கள் கல்லூரியில் கிறித்தவத் துறவு பற்றிய புத்தகங்களோடு இருந்தது, சிரிப்புதான் வந்தது. நூலகரைக் கேட்டால், “மடத்துல இருந்த அம்மாதானே சார் எழுதினது” என்கிறார். இதில் எது சரி என்று எனக்குள்ளும் சண்டை நடந்ததுண்டு. தலித் எழுத்துக்குத் தனி அலமாரி வேண்டும் என்று நம் தோழர்களே ஒரு பக்கம் கேட்கிறார்கள். தனி அலமாரி வைத்தால் ஊர் வேறு சேரி வேறு என்று நாமே வேலி போட்டுக் கொடுத்ததாகாதா என்று இன்னொரு பக்கம். பொது வரிசையில் கலந்துவிட்டால் ஆயிரம் நாவலுக்கு நடுவில் சிவகாமியின் பழையன கழிதலும் எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடிப்பதற்குள் பெல் அடித்துவிடும்.

என் கட்சி இதுதான்: தனிச் சேகரிப்பு வேண்டும், அதன் சாவி நம் கையில் இருக்க வேண்டும், அதற்குள் கவிதை கவிதையாகவும் விமர்சனம் விமர்சனமாகவும் பிரிந்து ஒரு முழு உலகமாக இருக்க வேண்டும். போர்ட்டர் செய்தது அதைத்தான். அதோடு பொது அலமாரியில் இன்னொரு பிரதியும் இருக்க வேண்டும். ராஜ் கௌதமனின் தலித் பண்பாடு, நா. வானமாமலை புத்தகத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் பண்பாடு படிக்க வருகிறவன் இரண்டையும் எடுத்துப் புரட்டுவான். இரண்டு பிரதி வாங்கக் காசில்லை என்பார்கள். காசு எங்கே போகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கருக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் கையால் 2000இல் வந்தது. ஆங்கில இலக்கியத் துறைகள் பாடமாக வைத்தன. நல்லது. அதன் விளைவு என்ன தெரியுமா, நான் பார்த்த ஒரு கல்லூரியில் ஆங்கிலக் கருக்கு அஞ்சாறு பிரதி, அதற்கு வந்த கைடுகள் அதைவிட அதிகம், தமிழ்க் கருக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அட்டை கிழிந்தது. பாமா எந்த மொழியில், எந்தத் தெருவின் பேச்சில் எழுதினாரோ அந்தப் பேச்சை வீட்டில் பேசுகிற பிள்ளை, கைடில் ஆங்கிலத்தில் படித்துப் பரீட்சை எழுதுகிறது. மார்ச் மாதம் வந்தால் ஒதுக்கிய பணத்தைச் செலவு பண்ணியாக வேண்டும். அப்போது கழிவு கூடக் கொடுக்கும் வியாபாரி பட்டியல் கொண்டுவருவார், துறைத் தலைவர்கள் டிக் அடிப்பார்கள். முந்நூறு பிரதி போட்டுத் தோளில் சுமந்து விற்கிற நம் பதிப்பாளனால் அந்தக் கழிவும் கொடுக்க முடியாது, பில்லுக்கு ஆறு மாசம் காத்திருக்கவும் முடியாது.

கணினி வந்துவிட்டதே, எல்லாம் தேடினால் கிடைக்குமே என்று சொல்லும் இளைய தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஆய்வுக்குழு வருகிறது என்றவுடன் அவசர அவசரமாகத் தமிழ்ப் புத்தகப் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடித்து ஏற்றிய கல்லூரிகள் உண்டு. கோவேறு கழுதைகளை எப்படி ஆங்கில எழுத்தில் அடிப்பது? ஆளுக்கு ஒரு விதம். ஓர் எழுத்து மாறினால் இமையமும் இல்லை, கழுதையும் இல்லை. 2010 முதல் என்-லிஸ்ட் வழியாக ஆயிரக்கணக்கான மின்னிதழ்கள் கல்லூரிகளுக்குக் கிடைக்கின்றன. மிகப் பெரும்பாலும் ஆங்கிலம். நம்மைப் பற்றி அடுத்தவர்கள் எழுதிய கட்டுரைகள் அதில் ஏராளம்.

பூட்டிய பீரோவுக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் நான் படித்தது ஓர் அரசுக் கலைக் கல்லூரி. பெயர் வேண்டாம், ஒன்றுக்கு மட்டுமான கதை இல்லை இது. அம்பேத்கர் நூல் தொகுதிகள் தமிழில் வரத் தொடங்கியிருந்த காலம். எங்கள் நூலகத்துக்கும் வந்திருந்தன. கண்ணாடி பீரோவில் நீலமாகத் தெரியும். கேட்டேன்.

“அது ரெஃபரன்ஸுப்பா. வெளிய குடுக்கமாட்டாங்க.”

“இங்கியே உக்காந்து படிக்கிறேண்ணே.”

“சாவி அய்யாகிட்ட இருக்கு.”

“அய்யா எப்ப வருவாரு?”

“வந்தா இருப்பாரு.”

மூன்று வருசம் அந்த பீரோ திறந்து நான் பார்க்கவில்லை. அய்யா ஒருநாள் அகப்பட்டபோது, “உங்களுக்குத்தான் புத்தக வங்கி இருக்கேப்பா, அதுல வாங்கிக்க” என்றார். எங்கள் கல்லூரியில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு என்று புத்தக வங்கி ஒன்று இருந்தது உண்மைதான். பாடப்புத்தகம், ஒரு செட்டை இரண்டு பேர் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். முதல் பக்கத்தில் பெரிய ரப்பர் ஸ்டாம்ப்: எஸ்.சி./எஸ்.டி. புத்தக வங்கி. வகுப்பில் பக்கத்துப் பையன், “டேய், நோட்ஸ் எடுக்கணும், புக்க குடு” என்று கைநீட்டும்போது முதல் பக்கத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு கொடுப்போம். சிலர் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டார்கள். கிழித்தவர்களுக்குப் படிப்பு முடிந்து டி.சி. வாங்கப் போகும்போது நோ டியூஸில் கையெழுத்துப் போடாமல் ஃபைன் போட்டார்கள். புத்தகம் கொடுப்பது சலுகை இல்லை, உரிமை. அரசாங்கம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த உரிமையைச் சாதிச் சான்றிதழாக்கி நெற்றியில் ஒட்டியது எந்தச் சட்டம்? சரிபார்ப்பு எல்லாம் ரிஜிஸ்டரில் இருந்தால் போதாதா? இந்த ரப்பர் ஸ்டாம்ப் இன்னும் எந்தெந்தக் கல்லூரியில் உயிரோடு இருக்கிறது என்று மாணவத் தோழர்கள் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பீரோவில் இருந்தது சாதாரணப் புத்தகம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மராட்டிய அரசு 1979 முதல் ஆங்கிலத்தில் வெளியிட்டுவந்த வரிசையில் நான்காம் தொகுதியாக, இந்து மதத்தின் புதிர்கள் 1987இல் வந்தபோது பம்பாயில் சிவசேனை எதிர்த்துக் கிளம்பியது. புத்தகத்தை எரித்தார்கள். ராமன் கிருஷ்ணன் பற்றிய பகுதியை எடு என்றார்கள். 1988இல் தலித் மக்கள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கின பிறகுதான், இது அரசின் கருத்து அல்ல என்ற குறிப்போடு அந்தப் பகுதி நிலைத்தது. ஒரு புத்தகத்தின் பின்னிணைப்பு அலமாரியில் இருப்பதற்காக ஒரு சனமே நடந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள்.

நூலக விழாக்கள் இந்தப் பூட்டின் இன்னொரு முகம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். எல்லாக் கல்லூரியிலும் புத்தகக் காட்சி வைப்பார்கள். அன்றைக்கு பீரோ திறக்கும். நீலத் தொகுதிகள் வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு வரும், நடுவில் கோட்டு சூட்டுப் படம், ஒரு மாலை. முன்னால் அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள்: புத்தகங்களைத் தொடாதீர்கள். யாரும் வேண்டுமென்று எழுதியதில்லை, எல்லா மேசைக்கும் எழுதிய அட்டைதான். ஆனாலும் அந்தப் படத்துக்குக் கீழே அந்த வாசகத்தை வாசித்தவனுக்கு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள், அதுதான் விசயம். முதல்வர் ரிப்பன் வெட்டுவார், போட்டோ எடுப்பார்கள், வாரம் முடிந்ததும் மறுபடி பீரோ.

ஏப்ரல் 14 என்ன ஆகிறது? அண்ணல் பிறந்தநாள். அன்றைக்கே தமிழ்ப் புத்தாண்டும். கல்லூரி லீவு, நூலகம் பூட்டு, பரீட்சைக் காலம் வேறு. 2022இல் தமிழக அரசு அந்த நாளைச் சமத்துவ நாளாக அறிவித்து உறுதிமொழி எடுக்கச் சொன்ன பிறகு, முந்தின வேலைநாளில் வரிசையாக நின்று உறுதிமொழி வாசிக்கிறார்கள். வாசித்து முடித்து அப்படியே நூலகத்துக்குள் போய் ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்ன முதல்வர் யாராவது இருந்தால் எழுதுங்கள், இதே இதழில் பாராட்டிப் போடச் சொல்கிறேன். கூடி உட்கார்ந்து வாசிப்பதுதான் நூலகத்தில் நடக்க வேண்டிய நிகழ்ச்சி. அப்படிக் கூடினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை 2015 மே மாதம் பறித்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி ஜூனில் திருப்பிக் கொடுத்தார்கள். மாலை போட்டால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

உள்ளே இருப்பதைப் பற்றி இவ்வளவு சொல்லியாயிற்று. உள்ளே வராமலே போனது? அயோத்திதாசர் 1907இல் ஒரு பைசாத் தமிழனைத் தொடங்கினார். 1914இல் சாகும்வரை வாராவாரம் எழுதினார். பௌத்தம், மொழி, சாதியின் தோற்றம், மழை, விவசாயம், மருத்துவம் என்று அவர் தொடாதது இல்லை. அந்த இதழ்கள் கல்லூரி அலமாரிகளில் பைண்டு பண்ணி இருந்திருந்தால் தமிழ் அறிவு வரலாறே வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். அவற்றைக் காப்பாற்றியது அன்பு பொன்னோவியம் போன்ற நம் மனிதர்கள், தங்கள் வீடுகளில். அவர்கள் வைத்திருந்ததைக் கொண்டுதான் ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் அயோத்திதாசர் சிந்தனைகளை வெளியிட்டது. ஒரு கல்லூரி நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இது சாட்சி. நடுவில் போன எண்பத்தைந்து வருசத்துக்கு மற்ற கல்லூரிகள் பொறுப்பு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் நடத்திய பறையன் இதழை இன்றைக்கு ஒரு மாணவி பார்க்கவேண்டும் என்றால் எந்தக் கல்லூரி நூலகத்துக்குப் போவாள்?

அதே கதை மறுபடி நடக்கிறது. நிறப்பிரிகை, கோடாங்கி, தலித் முரசு என்று தொண்ணூறுகளில் நாம் நடத்திய பத்திரிகைகளைச் சந்தா கட்டி வாங்கிய கல்லூரிகள் குறைவு. வாங்கியவர்களும் வருசக் கடைசியில் வாரப் பத்திரிகைகளோடு சேர்த்துப் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டார்கள். ஆண்டு விற்பனைக் கணக்கில் கிலோ இத்தனை என்று ரசீதுகூட இருக்கும்.

நூலக வரலாறு எங்கிருந்து தொடங்குகிறது என்றேன். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனிடமிருந்து. ஆகஸ்ட் 12, அவர் பிறந்தநாள்தான் நூலகர் நாள். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர், 1931இல் ஐந்து விதிகள். அவரை ஒதுக்கித்தள்ள நான் இதை எழுதவில்லை. புத்தகம் பூட்டிவைக்க இல்லை, பயன்படுத்தத்தான் என்பது அவருடைய முதல் விதி. எந்த வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்கவேண்டும் என்பது இரண்டாவது. அதை விளக்கும்போது ஆண் பெண் ஏற்றத்தாழ்வையும் நகரம் கிராமம் வேறுபாட்டையும் பேசுகிறார். திறந்த அலமாரிக்காக வாதாடியவர். நம் கல்லூரி நூலகர்கள் அவர் படத்துக்குப் பூப்போடுவதோடு நிறுத்தாமல் முதல் இரண்டு விதியை மட்டும் கடைப்பிடித்தால்கூட என் பீரோ அன்றைக்கே திறந்திருக்கும். ஆனால் அந்த ‘வாசகர்’ யார் என்று நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். 1931 அக்டோபரில் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. கிராமம் கிராமமாகப் போன வண்டி, நூலகவியல் படிக்கிறவர்கள் பெருமையோடு சொல்கிற வண்டி. தஞ்சைச் சீமை. பண்ணையும் சேரியும் எப்படி இருந்தன என்று நமக்குத் தெரிந்த சீமை. வண்டி ஊர்த்தெருவோடு திரும்பிவிட்டதா, சேரி வரைக்கும் வந்ததா, வந்தால் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்களா என்பதை நம் பிள்ளைகளில் நூலகவியல் படிக்கும் யாராவது ஆய்வுத் தலைப்பாக எடுக்கவேண்டும். அந்தத் தெருக்களில் பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பெற்றோர் சொன்னது நினைவில் இருக்கும், சீக்கிரம் போகவேண்டும்.

அதுவரைக்கும் செய்யக்கூடியவை சில. கல்லூரிகளில் நூலகக் குழு என்று ஒன்று காகிதத்திலாவது இருக்கிறது, அதில் மாணவர் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. ஆக்சஷன் ரிஜிஸ்டரைக் கேளுங்கள், அரசுக் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. எந்த வருசம் என்ன வாங்கினார்கள், அதில் எது யார் பெயருக்கு எத்தனை தடவை வெளியே போனது என்று எழுதி எடுங்கள். பீரோவுக்குள் இருப்பதைத் தனியாகக் குறியுங்கள். இந்த இதழின் பழைய பிரதிகள் உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் எழுதுங்கள், கட்டாக அனுப்பிவைக்க ஆசிரியர் குழு சம்மதித்திருக்கிறது. பைண்டிங் செலவு மட்டும் கல்லூரியுடையது, ரசீது வாங்கிக்கொள்ளவும்.